ஆண்டாயி கூப்பிடவில்லை

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ராசாங்கம், "இதோ வரேன்" என்று குரல் கொடுத்தான். அடுப்படியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த ஆண்டாயி குழவியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள். யாருக்குப் பதில் சொல்கிறான் இந்த மனுஷன்? பின்கட்டில் குடியிருப்பது புருஷன் பெண்டாட்டி இவர்கள் இரண்டு பேர்தான். முன்கட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் ஒரு கல்யாணத்துக்காக அரியலூருக்குப் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். வாசல் கதவு பூட்டியிருந்தது.

தோளில் துண்டும் காதோரம் சோப்பு நுரையுமாக ராசாங்கம் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"ஏன் கூப்புட்ட?"

"நானா? நான் எங்க கூப்புட்டேன்?"

"இப்பத்தானே 'என்னங்க'ன்ன. காதுல தெளிவா விழுந்துச்சே." அவன் முகம் மலர்ந்தது. "நல்லாத்தான் இருந்துச்சு புள்ள. இதைச் சொல்ல வைக்கத்தானே இத்தனை நாளா தலபாடா அடிச்சிக்கிட்டேன்."

இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு அவன் அவளைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆண்டாயிக்கு மறுத்துச் சொல்ல மனசு வரவில்லை. நாள் முழுக்கக் குற்றம் குறை கேட்டுக் காது புளித்துப் போயிருந்தவள், யாருக்கோ கிடைத்த பாராட்டு நமக்கே இருக்கட்டுமே என்று நினைத்துவிட்டாள்.

"ஆமா. வெந்நி வேணுமான்னு கேக்கத்தான் கூப்புட்டேன்" என்றாள்.

'என்னங்க' என்ற அந்தச் சொல்லோடு அவளுக்கு இருந்த சண்டை சின்னச் சண்டை இல்லை. ரஞ்சன்குடிப் பக்கத்துக் கொல்லைக்காட்டில் கடலை பிடுங்கிக்கொண்டே, "ஏ மாமோய்" என்று அவள் ஒரு கூப்பாடு போட்டால் கடைசி வரப்பில் நிற்கும் ராசாங்கம் நிமிர்ந்து பார்ப்பான். அத்தை மகன்தான். கூடவே விளையாடி வளர்ந்தவன். அவன் பத்து முடித்து, டைப் கற்றுக்கொண்டு, பெரம்பலூரில் ஒரு கம்பெனி ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததும் அந்தக் கூப்பாட்டுக்கு ஆயுசு முடிந்தது. டவுனில் பொம்பளைக் குரல் அடுப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வரக்கூடாதாம். மாமா கீமா எல்லாம் கேட்டால் சிரிப்பார்களாம். "என்னங்க" என்று, அதுவும் பாதி முழுங்கிச் சொல்ல வேண்டுமாம். அவளுக்கு அது வரவே இல்லை. சொல்ல வாயெடுத்தால் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றுகொண்டது. அவனைக் கூப்பிட வேண்டுமென்றால் கரண்டியால் சொம்பைத் தட்டுவாள்.

இதோடு விட்டானா? வீடு கேட்டுப் போன அன்று வீட்டுக்காரர் மனைவி குஞ்சம்மாள், "எந்த ஊரு?" என்று கேட்டாள். சொன்னான். "ஊர்ல எந்தத் தெரு?" என்று அடுத்துக் கேட்டாள். அந்த இரண்டாவது கேள்விதான் எல்லாம். பதிலைக் கேட்ட பிறகு, வீடு ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது என்று சொல்லிக் கதவைச் சாத்திய இடங்கள் ஒன்றா இரண்டா? ராசாங்கம் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் தன் சனங்கள் கால் வைக்கவே யோசிக்கும் தெருவின் பெயரைச் சொன்னான். சாவி கைக்கு வந்துவிட்டது. அன்றைக்கே ஆண்டாயி என்ற பெயர் போய்விட்டது. ஆண்டாயி என்றாலே எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்காமலே தெரிந்துவிடும் என்றான். இனிமேல் அவள் சம்பூர்ணம். சாப்பாடு முடிந்ததும் பாடம் நடக்கும். "வூடு இல்ல. வீடு. சொல்லு." "வீடு." "வந்துச்சுல்ல? இதையே பகல்லயும் சொன்னா என்ன?" அவள் நாக்கைப் பிடுங்கிக் கழுவி, வேறொரு நாக்கை வைத்துத் தைத்துவிடலாம் என்றால் அதையும் செய்திருப்பான்.

அந்த வாரத்திலேயே இன்னொன்று நடந்தது. ஆண்டாயி ரேஷன் கடையில் வெகுநேரம் வரிசையில் நின்று, மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வீடு திரும்பினாள். நடையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த குஞ்சம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன சம்பூர்ணம், அதுக்குள்ள சேலையை மாத்திட்டு எப்பக் கெளம்பினே? இப்பத்தானே இங்க ஒக்காந்து பேசிட்டிருந்தோம்."

ஆண்டாயி டின்னைக் கீழே வைத்தாள். கைப்பிடி அழுத்திய விரல்கள் வெளுத்திருந்தன.

"வந்த புதுசுல ஒன்னை என்னமோ நெனச்சிட்டேன்டி" என்றாள் குஞ்சம்மாள். "பேச்சுல அப்பிடியொரு அடக்கம், ஒக்கார்றதுலகூட ஒரு பதவிசு. எம் மருமக ஒங்கிட்ட வந்து கத்துக்கணும்."

நான் இல்லீங்க அது, நான் இவ்வளவு நேரம் ரேஷன் கடையில் நின்றேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் அடுத்து என்ன கேட்பாள்? அப்படியானால் வந்தது யாரு என்பாள். பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் நாக்கு எங்காவது வழுக்கும். ஒரு 'வூடு' போதும், மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான்.

"ஆமாங்க. நாந்தாங்க" என்றாள்.

பின்கட்டுக்குள் நுழைந்ததும் முகப்பவுடர் வாசனை அடித்தது. அவள் பவுடர் போடுகிறவள் இல்லை. ராசாங்கம் வாங்கி வந்து கொடுத்த டப்பாவை அவள் மூடிகூடத் திறக்காமல் மாடத்தில் போட்டிருந்தாள். எடுத்துப் பார்த்தாள். பாதி காலியாகியிருந்தது.

அதன் பிறகு பகல் நேரம் அவளுக்குப் பகையாகிவிட்டது. ராசாங்கம் ஆபீஸ் போய்விடுவான், முன்கட்டில் ரேடியோ அடங்கிவிடும், கிணற்று ராட்டினத்தில் குந்தியிருக்கும் காக்காகூடப் பறந்துவிடும், ஓடுகளின் வழியே இறங்கும் வெயில் தரையில் வட்டம் வட்டமாகக் கிடக்கும், ஊறப்போட்ட துணியின் சவுக்கார வாசனையும் அடுப்புச் சாம்பலின் வாசனையும் கலந்து கிடக்கும் அந்த நேரத்தில், அடுத்த அறையிலிருந்து சத்தம் வந்தது. சேலை உரசும் சத்தம். வளையலை மணிக்கட்டில் மேலே தள்ளிவிடும் சத்தம். அப்புறம், மெல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது போல ஒரு குரல்.

"வீடு... வீடு... வீட்டுக்கு... வீட்டுல..."

அவள் குரல்தான். அடித்தொண்டையில் இருக்கும் கரகரப்பு உட்பட. ஆனால் அவளுக்கு வராத நெளிவு அதில் வந்திருந்தது. அவள் பயந்த சுபாவக்காரி இல்லை, இருட்டில் தனியாகக் காட்டுக்குக் காவல் போனவள். விறகுக் கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எவடி அவ?"

அறைக்குள் சத்தம் நின்றது. பிறகு அதே குரல், திருத்திச் சொல்வது போல, பொறுமையாகச் சொன்னது.

"யாருங்க அது?"

கட்டையை ஓங்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பாய் சுருட்டி வைத்திருந்தது. கொடியில் துணி தொங்கியது. ஆள் இல்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் மட்டும் யாரோ மிக அருகில் நின்று மூச்சு விட்டது போல ஒரு ஆவிப்படலம் இருந்தது. பார்க்கப் பார்க்க ஓரத்திலிருந்து அது சுருங்கி மறைந்தது.

அன்று சாயங்காலம் ராசாங்கத்திடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவன் சட்டையைக் கழற்றக்கூட இல்லை. கேட்டுக்கொண்டே நின்றவன் போய்ச் சன்னலைச் சாத்தினான். அவனுக்கு அதுதான் கவலை.

"முன்னாடி வூட்டுல..." என்று ஆரம்பித்தவன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொண்டான். "முன்கட்டு வீட்டுல விழுந்திரப் போவுது, மெதுவாப் பேசு. பேய், பிசாசுன்னா பூசாரியக் கூப்புடணும். பூசாரி வந்தா மொதல்ல கொலசாமி எதுன்னு கேப்பான். என்னத்தச் சொல்லுவ?"

"என்னைய ஆத்தா வூட்டுல கொண்டுபோயி விட்டுடு. நாலு நாளு இருந்துட்டு வரேன்."

"ஞாயித்துக்கிழமை மேனேஜர் சாரும் அந்தம்மாவும் சாப்புட வராங்க. ஆபீஸ்ல யாரு வூ... வீட்டுக்கும் அவரு போனதில்ல. அது முடியட்டும், நானே பஸ் ஏத்தி வுடறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நெசத்தச் சொல்லட்டா? இந்த ஒரு வாரமாத்தான் நீ ஒழுங்கா இருக்க. அதைக் கெடுத்துக்காத."

ஆண்டாயிக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யாரைச் சொல்கிறான் ஒழுங்காக இருக்கிறாள் என்று? அவள் கழுத்தைப் பிடித்து உலுக்குகிற ஒன்றை அவன் கொஞ்சிக்கொண்டிருக்கிறான். இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே, அவன் முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றாள். அவன் நிமிராமல் அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான்.

"சம்பூர்ணம், மோர்."

"இதோங்க" என்றது அடுப்படி.

ராசாங்கம் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு சோற்றில் குழி செய்தான். ஆண்டாயி பிடித்திருந்த செம்பு சரிந்து மோர் தரையில் சிந்தியது. அதையும் அவன் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மேகம் கவிந்திருந்தது. ஐப்பசி மழை இப்போதா அப்போதா என்று நின்றது. ஆண்டாயி தனியாகக் கிடந்து வெந்தாள். அவரைக்காய் அரிந்தாள், கத்தரிக்காய் வதக்கினாள், பாயசத்துக்குப் பால் காய்ச்சினாள். மேனேஜர் தர்மராஜும் அவர் மனைவியும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் குளித்துக் கட்டிக்கொள்ளலாம் என்று தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையை மடித்துக் கொடியில் போட்டிருந்தாள். இது ஒன்றை மட்டும் ஒழுங்காக முடித்துவிட்டு, நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட வேண்டும். அவள் மனசில் இருந்தது அவ்வளவுதான். அடுப்பு புகைந்தது. காய்ந்த விறகு கிணற்றுக்குப் பின்னால் கொட்டகையில் இருந்தது. எடுத்து வரப் போனாள்.

அவள் கொட்டகைக்குள் குனிந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூடவே கரண்டும் போனது. தெருவே கறுத்தது. விறகை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்து அடுப்படிக் கதவைத் தோளால் தள்ளினாள்.

திறக்கவில்லை.

உள்ளே தாழ் போட்டிருந்தது. காற்றில் கதவு சாத்திக்கொள்ளும், தாழ்ப்பாள் தானாக விழாது. மழைத் தண்ணீர் கண்ணில் இறங்கியது. உள்ளேயிருந்து ராசாங்கத்தின் குரல் கேட்டது. கரண்டைப் பற்றி ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு ஆம்பளைச் சிரிப்பு. ஒரு பொம்பளைச் சிரிப்பு. வந்துவிட்டார்கள்.

"வாங்க சார். வாங்கம்மா, உக்காருங்க. வீடு கொஞ்சம் சின்னதுங்க."

ஆண்டாயியின் குரல்தான் அது. அப்பழுக்கில்லாத வீடு.

விறகு கையிலிருந்து நழுவி விழுந்தது. பக்கத்துச் சன்னலுக்கு நகர்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கூடத்தில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. பெஞ்சில் மேனேஜரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், இவளுக்கு முதுகு காட்டி, ஒருத்தி குனிந்து காப்பித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை. ஆண்டாயியின் கொண்டை. ஆண்டாயியின் முழங்கை. சின்ன வயசில் கதிர் அரிவாள் பட்ட தழும்புகூட அந்த முழங்கையில் இருந்தது.

ஆண்டாயி அங்கிருந்தே கை நீட்டிக் கதவைத் தட்டினாள். அந்த நேரத்திலும் மெதுவாகத்தான் தட்டினாள், மேனேஜர் காதில் விழுந்துவிடுமே என்று! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. உயிர் போகிற நேரத்தில்கூட விரல் முட்டியால் பதவிசாகத் தட்டினாள். வாயைத் திறந்ததும் என்ன வந்தது தெரியுமா? இத்தனை நாள் தொண்டையில் சிக்கிக் கிடந்த அந்தச் சொல்.

"என்னங்க..."

கூடத்தில் ராசாங்கம் திரும்பினான். சன்னல் பக்கம் இல்லை. பச்சைச் சேலைக்காரியின் பக்கம்.

"என்ன சம்பூர்ணம்?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள் அவள்.

ஆண்டாயிக்கு அப்போதுதான் புரிந்தது. அடக்கமாக எதைச் சொன்னாலும் அது தன்னுடையது இல்லை. அத்தனையும் அங்கே போய்ச் சேர்கிறது. தனக்கென்று மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான். வயிற்றிலிருந்து மூச்சை இழுத்துக் கத்தினாள்.

"ஏ மாமோய்!"

பேச்சு நின்றது.

"மாமோய்! நாந்தான்! கதவத் தொற!"

மழை மட்டும் ஓட்டில் கொட்டியது. அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. தாலி கழுத்தில் ஏறிய நாளிலிருந்து ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பெயர். சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று ஆத்தா மிரட்டி வைத்த பெயர். அதையும் சொன்னாள். தெருவெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"ராசாங்கம்! டேய் ராசாங்கம்!"

முன்கட்டில் ஒரு சன்னல் திறந்தது. கூடத்திலிருந்து அரிக்கேன் விளக்கு எழுந்து, ஆடி ஆடி, அவளை நோக்கி வந்தது. ராசாங்கம் விளக்கைத் தூக்கிப் பிடித்தான். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

நனைந்த தலை. கரி படிந்த கன்னம். இடுப்பில் சொருகிய பழைய சேலை.

"நாந்தான் மாமா. ஆண்டாயி. அவ நான் இல்ல. பாரு, நல்லாப் பாரு."

பார்த்தான். அவன் கண் அவள் நெற்றியில் தொடங்கி, வாய், கழுத்து, தாலி என்று இறங்கியது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை, தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்த்த முகம் தெரியாமல் போகுமா?

"யாரு ராசாங்கம்? பேர் சொல்லிக் கூப்புடறா?" என்று உள்ளேயிருந்து மேனேஜர் கேட்டார்.

ராசாங்கம் விளக்கைத் தாழ்த்தினான். தோளுக்கு மேல் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். காப்பித் தட்டோடு, தலை குனிந்து, சத்தமில்லாமல் நின்றவளைப் பார்த்தான். பிறகு இவளைப் பார்த்தான்.

"தெரியலைங்க சார்" என்றான். "காட்டு வேலைக்கு வந்த பொம்பள யாரோ. மழைக்கு ஒதுங்கியிருக்கா. புத்தி சரியில்ல போலிருக்குங்க."

சன்னல் கதவைச் சாத்தினான். மெதுவாக. கொக்கி போடும் சத்தம் கேட்டது.

ஆண்டாயி கத்தினாள். குரல் வரவில்லை. மறுபடி. காற்றுதான் வந்தது. உள்ளே பேச்சு திரும்பவும் தொடங்கியது. இலை போட்டார்கள். சிரித்தார்கள். அவரைக்காய் நன்றாக இருக்கிறது என்று மேனேஜர் மனைவி சொன்னாள். மழையில் நின்ற ஆண்டாயிக்குக் கால் மரத்துப்போனது. போக இடம் இருந்தது. ஆனால் கால் நகரவில்லை.

பிறகு அடுப்படியில் தாழ்ப்பாள் விலகியது.

கதவு பாதி திறந்தது. பச்சைச் சேலைக்காரி நின்றாள். ஒரு கையில் சிம்னி விளக்கு. இன்னொரு கையில் இலைத்துண்டில் மீந்த சோறு. இப்போதுதான் முகம் தெரிந்தது. பவுடர் பூசிய ஆண்டாயியின் முகம். வகிடெடுத்த ஆண்டாயியின் தலை. அதில் கோபம் இல்லை, பகை இல்லை. நல்ல வீட்டுப் பெண்களிடம் இருக்கும் இரக்கம்தான் இருந்தது.

"பசியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். "கிட்ட வராதம்மா. தள்ளி நின்னு வாங்கிக்க."

அந்தக் குரல்வளையைப் பிடித்து நெரிக்க வேண்டும் என்றுதான் ஆண்டாயி கையைத் தூக்கினாள். தூக்கிய கைகள் பாதி வழியில் நின்றன. ஒன்றோடொன்று சேர்ந்தன. குழிந்தன. முதுகு தானாக வளைந்தது. வேண்டாம் என்று உள்ளுக்குள் அவள் அலறிக்கொண்டிருக்க, அவளுடைய கால்களே இரண்டடி பின்வாங்கி நின்றன.

மேலேயிருந்து, தொடாமல், சோறு விழுந்தது. ஆண்டாயி வடித்த சோறு. இன்னும் சூடு ஆறவில்லை.

"மவராசியா இருங்க தாயி" என்றது அவள் வாய்.